ஆரஞ்சுப் பொத்தான்

லைட்ஹவுஸ் குப்பத்தில் முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை ஒருவன் பட்டப்பகலில் பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? அந்த வெள்ளிக்கிழமை ரஞ்சித் வீட்டு ஜன்னலில் ஏழு தலைகள். பக்கத்து வீட்டு இருசம்மாளுக்கு ஜன்னல் போதாது. உள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் அலை படகைத் தூக்கிப் போட்டபோது, ஓடிய வலைக்கயிறு அவன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் கூடவே கொண்டுபோகப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினான், பந்துதான் தேய்ந்தது. அதற்குள் அவன் மனைவி செவ்வந்தியின் அண்ணன் தாமோதரன், தன் படகில் ரஞ்சித்தின் இடத்துக்கு வடிவேலு என்ற பையனை ஏற்றிவிட்டார். தற்காலிகமாகத்தான் என்றார். அந்தத் தற்காலிகம் நாளையோடு முடிந்து, அந்த இடம் வடிவேலுவுக்கே நிரந்தரமாகிவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

கிட்டார் வந்தது செவ்வந்தி வழியாக. காட்டுப்பள்ளியில் அவள் வேலை செய்த வீட்டு இன்ஜினியர் ஊரைக் காலி செய்தபோது, கேம் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். அதில் தந்தி கிடையாது. ஐந்து கலர் பொத்தான்கள். டிவியில் கலர் வட்டங்கள் நம்மை நோக்கி ஓடிவரும். கோட்டைத் தொடும் கணத்தில் இடது கை அந்தக் கலரை அழுத்த, வலது கை தட்ட வேண்டும். தவறிக்கொண்டே போனால் பாட்டு பாதியில் நின்றுவிடும். ஆரஞ்சுப் பொத்தான் சுண்டுவிரலுக்கு. பந்துக்கு மசியாத விரல் ஆரஞ்சுக்கு மசிந்ததைக் கண்டு ரஞ்சித் ஒருநாள் அழுதே விட்டான். சுவர் மெல்லியது, இருசம்மாளுக்குக் கேட்டது.

போன வாரம் குழாயடியில், நாலு பேர் நடுவில், தாமோதரன் நக்கலாகச் சொன்னார்: "இன்னா மாப்ள, அந்தப் பொட்டில இருக்கறதுலயே கஷ்டமான பாட்ட நிக்காம முடி. வடிவேலுவ எறக்கிட்டு உன்ன ஏத்திக்கிறேன்."

நக்கலோ என்னவோ, நாலு பேர் நடுவில் சொன்ன சொல். இதோ, டீ கிளாஸோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆறு நிமிடப் பாட்டு. மூன்று நிமிடம் வரை ரஞ்சித் நன்றாகவே ஓட்டினான். நான்காவதில் வட்டங்கள் கொத்துக்கொத்தாகப் பாய்ந்து வந்தன. அவன் இடது கை, யாரும் சொல்லாமலே, பட்டென்று திறந்துகொண்டது. பாட்டு நின்றது. டிவிக்குள் இருந்த வெள்ளைக்காரக் கூட்டம் 'ஊ' என்று கூவியது.

"அவனுங்களுக்கே புடிக்கல பாரு," என்றாள் இருசம்மாள்.

"சும்மா இரு யக்கா," என்றாள் செவ்வந்தி.

இரண்டாம் முறையும் அதே இடம். மூன்றாம் முறையும். வலியில்லை, விரல் மரத்துப்போகவுமில்லை. வேகமாக எது ஓடிவந்தாலும் கை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். வேர்வை முழங்கையில் வழிந்தது.

"போதும் மாப்ள. டீ ஆறிப்போச்சு," என்று தாமோதரன் எழுந்தார்.

"மச்சான், குந்து! கால்ல உயுந்து கேக்கறேன், இன்னும் ஒரே ஒரு வாட்டி!"

ஜன்னலில் வலைக் கிழிசலைப் பொத்தும் நைலான் நூல் கிடந்தது. ரஞ்சித் அதை எடுத்தான். உள்ளங்கையையும் மணிக்கட்டையும் கிட்டார் கழுத்தோடு சேர்த்து நாலு சுற்று சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். இனி விரல் அசையலாம், கை விலக முடியாது.

நான்காவது நிமிடம் வந்தது. கை உதறிப் பார்த்தது. நூல் தோலை அறுத்தது. சுண்டுவிரல் ஆரஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. ஆறு நிமிடமும் முடிந்தது. டிவிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஜன்னலில் விசில் பறந்தது.

"முடிச்சிட்டேன் மச்சான்! பாத்தியா?"

தாமோதரன் சிரிக்கவில்லை. கிட்ட வந்து அந்த முடிச்சை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"போட்ல எவனாவது கைய கட்டிக்கினு வலை இழுப்பானா மாப்ள? வலை உள்ள போனா நீயும் கூடவே போவ. என் தங்கச்சிக்கி நான் இன்னா பதில் சொல்றது?"

"இது வெறும் கேமு மச்சான்!"

"கேமுக்கே கட்டிக்கினியே."

அவர் செருப்பை மாட்டினார். ரஞ்சித் பல்லால் முடிச்சைக் கடித்தான். வேர்வையில் இறுகிப்போயிருந்தது. "அவுத்துட்டு ஆடறேன் மச்சான், போயிடாத! செவ்வந்தி, கத்தி எட்தா!"

அவள் மீன் கத்தியால் நூலை அறுப்பதற்குள் ஜன்னலோரம் நின்ற வடிவேலுவிடம் தாமோதரன் சொல்வது வாசலிலிருந்து கேட்டது: "வடிவேலு, காலைல நாலு மணிக்கெல்லாம் வந்துடு."

ஜன்னல் காலியானது. இருசம்மாளும் எழுந்து போனாள்.

ரஞ்சித் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மூன்று நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. செவ்வந்தி டிவியைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வட்டங்கள் பாய்ந்து வந்தன. கை திறந்துகொண்டது.