சிவப்புத் துண்டு ஆடவேயில்லை

என் மனைவி நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பாள். எங்கள் வீடோ முதல் மாடி. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம், எதிரே டயர் கடை. பஸ் வந்தால் எங்கள் பழைய ஜன்னல் பஸ்ஸைவிட அதிகமாக ஆடும். என் மைத்துனன்கூட வந்த இரண்டாம் நாளே சத்தம் தாங்காமல் ஓடிவிடுவான். அந்த பஸ் நிறுத்தம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

போன வாரம் அவள் பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் தூக்கம் வரலைன்னா நான் நர்ஸுங்க விடுதிக்குப் போயிடுவேன். நீங்க இந்த பஸ்ஸோடவே குடும்பம் நடத்துங்க."

அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. முதல் வேலையாகக் காலிங் பெல் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அடுத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுகிறவரைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். வீட்டுக்காரரே தெருவில் நின்று கத்த வேண்டும், அது உள்ளே கேட்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாமான்களை மூட்டை கட்டுவார்.

"அக்கா, நீங்க கட்டில்ல படுத்துக்கங்க. ஏதாவது காதுல விழுந்தா இந்தச் சிவப்புத் துண்டைக் கண்ணாடிகிட்ட ஆட்டுங்க. ஜன்னலை மட்டும் திறந்துடாதீங்க, பசை காய ஒரு நாள் ஆகும்."

நாங்கள் இருவரும் இறங்கினோம்.

"என்னன்னு கத்தறது மாஸ்டர்?"

"மனசுல இருக்கறதைக் கத்துங்க சார்."

இப்படி ஒரு வாய்ப்பு விட்டால் கிடைக்குமா? "நீ எடுத்துக் குடுத்த பச்சைச் சட்டை எனக்குப் பிடிக்கவே இல்லை!" என்று கத்தினேன். துண்டு ஆடவில்லை. தைரியம் வந்துவிட்டது. "உன் தம்பி இனிமே இங்க வரவே கூடாது!" துண்டு ஆடவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வெற்றியோடு மாடி ஏறினால், கதவு தானாகப் பூட்டிக் கிடந்தது. சாவி உள்ளே. என் போன் உள்ளே; அவள் போனோ தூங்கும்போது எப்போதும் அணைந்திருக்கும். மாஸ்டரின் சாப்பாட்டு டப்பாவும் உள்ளே. கை வலிக்கத் தட்டினோம். அவள் படுக்கையறைக் கதவையும் சாத்திவிட்டாள் போல.

மறுபடி தெருவுக்கு ஓடி, "கதவைத் திற!" என்று கத்தினேன். மாஸ்டர் கத்தினார். பஸ் டிரைவர் பரிதாபப்பட்டு ஹாரனை அமுக்கினார். டயர் கடைக்காரர் இரும்புத் தடியால் வீலைப் போட்டு அடித்தார். தெருவே ஒரு பொம்பளைக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. எனக்குப் பயம் பிடித்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

வாசலில் கிடந்த மாஸ்டரின் ஏணியைச் சாத்தி, ஏறிப் பார்த்தேன்.

வாய் லேசாகத் திறந்திருக்க, துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கி வந்து, உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கினேன். "உஸ்ஸ்! தூங்கறா!" ஹாரனை நிறுத்தச் சொல்லி டிரைவரைக் கும்பிட்டேன்.

"சார், அவங்களுக்குத்தான் கேக்காதே!" என்றார் மாஸ்டர்.

எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். அவர் வயிறு மட்டும் அவ்வப்போது சத்தம் போட்டது. அதையும் முறைத்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? நீங்க கத்தவே இல்லையா? ஒண்ணுமே கேக்கலையே!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது.

"கத்தினாரு அக்கா" என்றார் மாஸ்டர், டப்பாவைத் தேடி உள்ளே ஓடிக்கொண்டே. "உங்க பேரைத்தான்."

அவள் முகம் மலர்ந்தது. நடுக்கூடத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் போட்டாள். பிறகு போனைக் கையில் எடுத்தாள்.

"இப்படி ஒரு தூக்கம் தூங்கி எவ்வளவு நாளாச்சு! பாவம், தம்பி இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ரெண்டு நாளுக்கு மேல தங்கறதில்லை? அடுத்த வாரம் வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போடான்னு சொல்லிடறேன். என்ன, சரிதானே?"

நான் முடிந்தவரை பலமாகக் கத்தினேன்.

"பாருங்க, சந்தோஷத்துல பேச்சே வரலை!" என்றாள்.