மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கிய வெள்ளம்

கார்த்திகை பதினான்காம் தேதி காலை எட்டே காலுக்குக் கொள்ளிடத்து வெள்ளம் நெடுங்கரை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிதம்பரம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பந்தி ஆரம்பித்துவிட்டதா என்றுதான் விசாரித்தார்கள்.

அன்றைக்கு எழிலரசிக்குக் கல்யாணம், மூன்றாவது முறையாக. மாப்பிள்ளை மூன்று முறையும் அதே காட்டுமன்னார்கோயில் சேரன்தான், தேதிதான் நிலைக்கவில்லை. முதல் வருஷம் பந்தல்காலை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்த வருஷம் பந்தலையே கொண்டுபோனது, சீரியல் லைட்டோடு. மாப்பிள்ளையின் அம்மா தைலம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா வுட்ருங்கம்மா. எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்." சேரன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

எழிலரசியின் அக்கா பவானி கிராம உதவியாளர். வெள்ள அறிவிப்பு சொல்வது அவள் வேலை. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி இரண்டு நாளாகியிருந்தது. கீழணையிலும் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு போன் வந்தது, ஊரைக் காலி செய்யச் சொல்லி. பட்டுப்புடவையோடு கிளம்பினாள் பவானி. தங்கச்சி கல்யாணத்தைத் தன் வாயாலேயே நிறுத்தப் போகிறோமே என்றிருந்தது அவளுக்கு. "நான் என்ன பாவம் பண்ணேன் அண்ணே?" என்று ஆட்டோக்கார ஆரோக்கியராஜிடம் அழுதாள். "அழாதம்மா, மைக்குல கேக்கும்" என்றார் அவர்.

பிசகு அந்த ஆட்டோவில்தான் நடந்தது. கல்யாண வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி. முன்பக்கம் இரண்டு வாழைமரம் கட்டியிருந்ததால் குழாய் ஸ்பீக்கரைப் பின்பக்கம் பார்க்கக் கட்டிவிட்டார் ஆரோக்கியராஜ். ஆற்றங்கரையிலிருந்து ஊரைப் பார்த்து வண்டி மெல்ல வந்தது, ஸ்பீக்கர் ஆற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தது: "அனைவரும் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று, மறு உத்தரவு வரும்வரை அங்கேயே தங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

ஆறு கேட்டது. கரையேறி, தெரு ஓரமாக ஒதுங்கி, பந்தல் வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட நனைக்காமல் மேட்டில் ஏறி, வகுப்பு வகுப்பாக நிரம்பியது. மூட்டை முடிச்சோடு அங்கே போன ஜனங்கள் வாசலிலேயே நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. தண்ணீர் வெளியே சிந்தாமல் ஜன்னல் உயரத்துக்கு அமைதியாக இருந்தது. உள்ளே இடமில்லை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, திரும்பி நேராகக் கல்யாணத்துக்குப் போனார்கள். வருவாய் ஆய்வாளர் ராஜமாணிக்கம் வந்து சுற்றிப் பார்த்து, பதிவேட்டில் முகாமில் தங்கியிருப்போர் என்ற இடத்தில் "தண்ணீர்" என்று எழுதிவிட்டு, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்.

தாலி கட்டும்போது பவானி அடக்க மாட்டாமல் அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். தைலம்மாள் ஓடிவந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

புயல் கரை கடந்தது, கூண்டை இறக்கினார்கள். மறு உத்தரவு யாரும் தராததால் தண்ணீர் மட்டும் மூன்று நாள் அங்கேயே இருந்தது. பிள்ளைகளுக்கு லீவு. நாலாம் நாள்தான் பவானிக்கு ஞாபகம் வந்து, மைக் இல்லாமலே போய்ச் சொன்னாள்: "போதும், வூட்டுக்குப் போ. வயல்ல எறங்காத." வரிசையாக இறங்கி வாய்க்கால் வழியே போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் இரண்டு விரால் மீன் மட்டும் தங்கிவிட்டன.

மறு வருஷம் ஐப்பசியில் எழிலரசிக்கு நெடுங்கரைத் தாய்வீட்டில் வளைகாப்பு. "தண்ணிக்கு வைக்காம யாருக்கும்மா வைக்கிறது? மொதப் பத்திரிகை அதுக்குத்தான்" என்று தைலம்மாள் பிடிவாதம் பிடித்து, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தானே போய்க் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அறிவிப்பு எதுவும் இல்லாமலே தண்ணீர் வந்தது. வீட்டில் கூட்டம் ஜாஸ்தி என்பதால் பள்ளிக்கூடத்திலேயே இருந்துகொண்டது. தைலம்மாள் ஒரு பெரிய தூக்குவாளியில் ஐந்து வகைச் சாதமும் அடைத்து, பள்ளிக்கூடப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் தூக்குவாளி அதே படியில் இருந்தது, கழுவிக் கவிழ்த்து.