கிளெம் கொண்டுவந்த சுவர்

இனாமாக வந்த பொருளை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் விராபைன் ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது. கொண்டுவந்தவன் கிளெம் ஹாக்கிங் என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்து ஊரில் மூடிக்கிடந்த பால் தொழிற்சாலையின் கூலிங் ரூமைத் தன் கையாலேயே கழற்றி, இரண்டு லாரி நிறைய வெள்ளைப் பலகைகளைக் கொண்டுவந்து ஊர்க்கூடத்து வாசலில் இறக்கியிருந்தான். இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்புத் தகடு, நடுவே ஒரு சாண் கனத்துக்குத் தெர்மாகோல். மாட்டை நம்பிப் பிழைக்கிற ஊரில் அந்தப் பலகைக்கு இருக்கிற மரியாதையே தனி. நாய்க்கு வீடு கட்டுவதும் அதில்தான், கட்டிக்கொடுத்த மகள் புருஷனோடு திரும்பி வந்தால் கொல்லையில் ஓர் அறை எழுப்புவதும் அதில்தான்.

நோலீன் டிரான்டர் ஒருத்திதான் வேண்டாம் என்றாள். அவள் கிளெமின் கொழுந்தியாள். கட்டடங்களுக்கு உள்சுவர் அடித்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரி. போதாக்குறைக்கு ஊர்க்கூடக் கமிட்டியின் தலைவி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் கூடம் வெறும் கூத்தாடுகிற இடமில்லை. காட்டுத்தீ வந்து சாலை அடைபட்டால், வெளியேற முடியாதவர்கள் ஓடிவந்து ஒதுங்க வேறு இடம் கிடையாது. ஊர்த் தீயணைப்புப் படைக்குக் கிளெம்தான் தலைவன். வண்டியோடு அவன் வந்து சேரும்வரை கூடம் தாங்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. போன பெருந்தீயில் அந்தக் கணக்கு தப்பிப்போனது. கூரை இடுக்கு வழியாகக் கங்கு புகுந்து, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கூடம் பற்றிக்கொண்டது. எல்லோரும் கிரிக்கெட் மைதானத்துக்கு ஓடி, ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தார்கள். கிளெமின் வண்டியோ வழியில் மரம் விழுந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நெஞ்சு முழுக்கப் புகை ஏறி, ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் ஒருத்தி. அவள் வால்மே. கிளெமின் மனைவி, நோலீனின் அக்கா.

இப்போது புதுக்கூடத்துக்கு இரும்புச் சட்டம் நிற்கிறது, கூரை ஏறிவிட்டது, ஜன்னல்கள் பொருத்தியாகிவிட்டது. சுவர்தான் பாக்கி. அடுத்த வாரச் சனிக்கிழமை ஊரே கூடி வேலை செய்து சுவரை மூடிவிடுவதாக ஏற்பாடு. கோடை வாசலில் வந்து நிற்கிறது.

கமிட்டிக்காரர் ஸ்பிட்டேரியின் மளிகைக்கடைப் பின்னறையில் கூட்டம் நடந்தது.

"இரும்பும்மா இது. இரும்பு எங்கயாவது எரியுமா?" என்றான் கிளெம்.

"இரும்பு எரியாது கிளெம். அது வயித்துக்குள்ள இருக்கிறது எரியும்."

"உள்ள எப்படிப் போகும்? நெருப்புகிட்ட சாவி இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவிய நீதானே குடுக்கப்போற! ஜன்னலுக்கு வெட்டுவ, ஒயருக்கு ஓட்டை போடுவ. வெட்டின எடமெல்லாம் தெர்மாகோல் வாயப் பொளந்துகிட்டு நிக்கும். ஒரு கங்கு போதும். கூலிங் ரூமுக்குள்ள பால் இருந்துச்சு. இங்க மனுஷங்க இருக்கப் போறாங்க."

"சரி, உன்னோட யோசனைதான் என்ன?" என்று கேட்டார் ஸ்பிட்டேரி.

"ராக்வுல். கல்ல உருக்கிப் பஞ்சா நூத்த மெத்தை. அதுக்கு மேல தீ தாங்குற ஜிப்சம் பலகை ரெண்டு அடுக்கு. வெளிய சிமெண்ட் ஷீட்டு."

"எப்ப வரும்?"

நோலீன் சற்றுத் தயங்கினாள். "ஆர்டர் நெறைய இருக்காம். கோடை முடிஞ்சுதான்."

"நல்ல கதை போ!" என்று தொடையில் தட்டினார் ஸ்பிட்டேரி. "வீடு பத்தி எரியறப்ப, மெத்தை வருது கொஞ்சம் பொறுன்னு நெருப்புகிட்ட சொல்லச் சொல்றியா?"

கிளெம் மேசைமேல் கையூன்றி எழுந்தான். "இந்தா பாரு நோலீன். கொஞ்ச நேரம் தாங்கினா போதும். நான் வந்துடுவேன்."

நோலீன் வாயைத் திறந்தாள். போன பெருந்தீயைப் பற்றி நாக்கு நுனியில் ஒரு பதில் துடித்தது. அதைச் சொன்னால் ஓட்டு மொத்தமும் அவள் பக்கம் சாய்ந்துவிடும். கிளெம் அதற்குப் பிறகு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான். மென்று விழுங்கினாள். வாய் நீளம் என்கிறார்களே, அவர்கள் அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

கையைத் தூக்கச் சொன்னதும், அவள் கை தவிர எல்லாக் கையும் பலகைக்கே உயர்ந்தது.

"சரி, தோத்துட்டேன்," என்றாள் நோலீன். "ஆனா ஞாயித்துக்கெழம உங்க படைக்குப் பயிற்சி இருக்குல்ல? பழைய கார எரிச்சுப் பழகுவீங்களே, அதுக்குப் பதிலா ரெண்டு பொட்டி எரிப்போம். ஒண்ணு உன் பலகைல, ஒண்ணு என் சாமான்ல. சாம்பிளுக்கு வந்தது என்கிட்ட இருக்கு. உன்னோடது நின்னுச்சுன்னா சனிக்கெழம மொத ஆணிய நானே அடிக்கிறேன்."

"அடிச்சுத்தான் ஆகணும், சொல்லிட்டேன்!" என்றான் கிளெம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படையின் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறை அளவில் இரண்டு பெட்டிகள் நின்றன. இரண்டுக்கும் கதவு, ஒரு சின்ன ஜன்னல், ஒயர் போக ஓர் ஓட்டை. எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்க்க ஆளுக்கு ஒரு கருவி சொன்னார்கள். கடைசியில் பால்காரர்களுக்குத் தெரிந்த கருவிதான் வென்றது: இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரு நாற்காலி, அதன்மேல் தட்டில் ஒரு கட்டி வெண்ணெய்.

சாசேஜும் வெங்காயமும் ஒரு பக்கம் பொரிந்தன. இன்னொரு பக்கம் யூகலிப்டஸ் கட்டைகள் கனிந்து கங்காயின. கிளெமே இலை ஊதும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கங்கை வாரி வாரி முதலில் தன் பெட்டிமேல் ஊதினான். செந்நிறப் பொறிகள் தகட்டில் பட்டுப் பட்டு உதிர்ந்தன. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து கைவைத்துப் பார்த்தான்.

"ஜில்லுன்னு இருக்கு! வாம்மா கொழுந்தியா, வந்து தொட்டுப் பாரு. ரொட்டி கொண்டாந்தா தடவித் தர்றேன்."

ஸ்பிட்டேரி கைதட்டினார். நோலீன் தேநீரைக் கீழே வைக்கவில்லை. "ஊதறத நிறுத்தாத. காட்டுத்தீ நடுவுல டீ குடிக்கப் போகாது," என்றாள்.

அவன் மறுபடி ஊதினான். ஒயர் ஓட்டையின் விளிம்பில் ஒரு கங்கு தங்கியது, அதன்மேல் இன்னொன்று. ஓட்டையிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடாகப் புகை எழும்பியது. பிறகு பலகைகள் சேருகிற மூட்டிலெல்லாம் புகை கசிந்தது. திடீரென்று மேல்மூட்டில் குபுக்கென்று தீ எழுந்தது. யார் கையிலிருந்தோ சாசேஜ் கீழே விழுந்தது.

"தண்ணி! தண்ணி விடு!" என்று கத்திக்கொண்டு கிளெமே குழாயைப் பிடுங்கினான். தண்ணீர் பீறிட்டு அடித்தது. அடித்து என்ன பயன்? இரும்புத் தகட்டில் பட்டு அத்தனையும் வழிந்து மண்ணுக்குப் போனது. நெருப்பு இரண்டு தகட்டுக்கும் நடுவே, எந்தத் தண்ணீரும் எட்டாத இடத்தில் சொகுசாக எரிந்துகொண்டிருந்தது. தெர்மாகோல் உருகிக் கொழுந்துவிட்டுச் சொட்டியது. ஒரு பக்கத்துத் தகடு வளைந்து பிய்த்துக்கொண்டு தொப்பென்று விழுந்தது. நாற்காலி எரிந்தது. வெண்ணெய் இருந்த இடமே தெரியவில்லை.

முப்பது வருஷமாக மரத்தையும் புல்லையும் எரியவிட்டு அணைத்தவன் அவன். நெருப்பு என்றால் வெளியிலிருந்து வருவது, வெளியில் நின்று அடிப்பது. சுவருக்குள்ளேயே குடியிருக்கிற நெருப்பை அவன் பார்த்ததில்லை. குழாயைப் பிடித்தபடியே நின்றான். தண்ணீரை நிறுத்தவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. வேறு யாரோ போய் மூடினார்கள்.

நோலீனின் பெட்டிமேலும் அதே கங்கு, அதே ஊதல். சிமெண்ட் ஷீட்டு கறுத்து விரிசல் விட்டது. உள்ளே மெத்தை சூடேறியதே தவிர எரியவில்லை. கிளெம் கதவைத் திறந்து உள்ளே போனான். வெண்ணெய் குழைந்து மூலை மழுங்கியிருந்தது. ஆனாலும் உருகி ஓடவில்லை. வெளியே ஒரே ஆரவாரம். ஆனால் அவன் வெளியே வரவில்லை. மூக்கை உறிஞ்சி, ஜன்னலோரம் விரலை விட்டுக் குடைந்தான்.

"நோலீன், இங்க வா. இது என்ன?"

ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இடுக்கில் கறுப்பாக எதுவோ உருகி ஒட்டியிருந்தது. இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவளுக்கு முகம் செத்துப்போனது. இடுக்கை அடைக்க டப்பாவிலிருந்து பீச்சுகிற நுரை. எந்தத் தச்சனும், எந்தச் சுவர்க்காரியும் ஜன்னல் வைத்ததும் யோசிக்காமல் அடிக்கிற நுரை. அவள் கையும் யோசிக்காமல்தான் அடித்திருக்கிறது.

"தெர்மாகோலோட தங்கச்சி," என்றாள் மெதுவாக. "நான்தான் அடிச்சேன். பழக்க தோஷம். இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தா என் பொட்டியும் போயிருக்கும்."

"கூடத்துல?"

"அங்கயும்தான். எல்லா ஜன்னலுக்கும்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். கிளெம் விரலில் ஒட்டிய கரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை, சொன்னபடி ஊரே சுத்தியலும் ஏணியுமாக வந்து கூடத்து வாசலில் நின்றது. கிளெம் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். பலகைகளை இறக்க அல்ல, ஏற்ற.

"எல்லாத்தையும் தூக்கி வண்டில போடுங்க," என்றான்.

"போட்டுட்டு?" என்றார் ஸ்பிட்டேரி. "கோடைக்குச் சுவர் வேணாமா?"

"வேணாம். இந்த வருஷம் கூடம் கெடையாது. கூடம் இருக்குன்னு நெனச்சு ஒருத்தரும் வீட்ல உக்காந்திருக்காதீங்க. காத்து திரும்புதுன்னு ரேடியோல சொன்னதும் கெளம்பிடுங்க. வண்டி இல்லாதவங்க யார் யாருன்னு நான் வீடு வீடா வந்து கேக்கறேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சுவர் எழுப்ப வந்த ஊரிடம், எழுப்பாதே என்று சொன்னால் எழாதா? வால்மேயின் நினைவாகக் கூடத்துக்கு அவள் பேரை வைப்பதாக இருந்ததே என்று ஒருத்தி நினைவூட்டினாள். கிளெமின் தாடை இறுகியது.

"பேரு வெக்கலாம். அவ பேர இன்னொரு அடுப்புக்கு வெக்க மாட்டேன்."

ஸ்பிட்டேரி தலையைச் சொறிந்தார். இந்தத் தடவை கேலி இல்லை. "சரி, ராக்வுல்லே வரட்டும். அது எவ்வளவு நேரம் தாங்கும்? நீ வண்டியோட வந்து சேர்ற வரைக்கும் தாங்குமா?"

நோலீன் தரையைப் பார்த்தாள். அன்றைக்கு மென்று விழுங்கிய பதில் தொண்டையிலேயே கிடந்தது. அதை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அவளுக்கு இருந்தது.

கிளெம் அவளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான்.

"நான் வரமாட்டேன்னு நெனச்சுக் கட்டுங்க," என்றான்.

கண்ணீர் வழிய, அதைத் துடைக்காமலேயே நோலீன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். முதல் ஜன்னலின் நுரையை அறுக்க ஆரம்பித்தாள். கிளெம் அடுத்த ஜன்னலுக்குப் போனான்.