சுவரோரக் கட்டில்

அன்று காலை மாடியறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவோரக் கட்டில் காலி. அதில் ஒருவரும் உட்காரவில்லை. இரண்டாவதில் ஹரிபதன், சட்டம் படிப்பவன். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பங்குபோட்டுத் தங்கியிருந்த அந்த மெஸ்ஸின் வரவுசெலவு அந்த மாதம் அவன் பொறுப்பு. மூன்றாவதில் துலால், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பொரியும் பச்சை மிளகாயும் தின்றபடி. நான்காவது, சுவரோரக் கட்டிலில் ஹிரண்மய். சமையல் செய்யும் உமாசசி வாசற்படிக்கு வெளியே நின்றாள். எதைக் கொண்டுவந்தாலும் அங்கேயே நிற்பாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

கதவோரம் படுத்திருந்த பிரசூன் வேலை கிடைத்துத் துர்காபூர் போய்விட்டான். மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவனுக்குச் சுவரோரம். அவன் வந்ததும் மற்றவர்கள் கதவைப் பார்த்து ஒவ்வொரு கட்டில் நகர்வார்கள். வரும்வரை யாரும் இடம் மாறக் கூடாது.

சுவரில் உச்சியிலிருந்து தரைவரை ஒரு விரிசல். ஹிரண்மய் வந்த புதிதில் அதில் விரல் நுழையாது. இந்த மழைக்கு நுழைந்தது. வீட்டு முகப்பில் 'அபாயகரமான கட்டடம்' என்று கார்ப்பரேஷன்காரர்கள் அடித்துவிட்டுப் போன பலகை, எந்நேரமும் காயப்போட்ட யாருடைய வேட்டிக்காவது பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் பலகையால்தான் வாடகை குறைவு. பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வேறு எங்கே கேட்டாலும் இரண்டு பங்கு சொன்னார்கள்.

"காலிக் கட்டிலோட வாடகையும் நம்ம தலையிலதான்," என்றான் ஹரிபதன். "இந்த மாசம் மீனை நிறுத்தியாச்சு. அடுத்த மாசம் பருப்பு."

"அப்புறம் அரிசி," என்றான் துலால். "அதுக்கப்புறம் உமாசசி அக்கா நம்மளையே வறுத்துடுவா."

"வெறும் எலும்பு. எண்ணெய்தான் தண்டம்," என்றாள் அவள் வெளியிலிருந்தே.

ஹிரண்மய்க்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. காலிக் கட்டிலின் பங்கும் சேர்ந்தால் கட்ட முடியாது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஹரி அண்ணே, புது ஆள் வர்ற வரைக்கும் நான் கதவோரம் படுத்துக்கறேனே. சும்மாதானே கிடக்கு."

"படுத்துக்கோ ராஜா. அப்புறம் ஆள் தேட உனக்கு என்ன அவசரம் இருக்கும்? நானும் சுவரோரம் படுத்தவன்தான். ஒரே வாரத்துல துலாலைப் பிடிச்சுட்டு வந்தேன். அவன் உன்னைப் பிடிச்சான்."

துலால் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

"உன் மாமா பையன் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்குன்னு எழுதினானே, என்னடா ஆச்சு?" என்று ஹரிபதனே கேட்டான்.

ஹிரண்மய் தலையணையைத் தொட்டுப் பார்த்தான். மாமா பையன் நிதாயின் கடிதம் அதற்கு அடியில்தான் இருந்தது. 'அண்ணே, நீ இருக்கிற இடத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும்.' கட்வாவில் அந்த மாமா வீட்டுச் சோற்றைத் தின்றுதான் ஹிரண்மய் பள்ளிப் படிப்பை முடித்தான்.

ஹரிபதன் எழுந்தான். விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த பழைய காகிதம் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, உமாசசி நீட்டிய கிண்ணத்திலிருந்து மைதாப் பசையை எடுத்துப் புதுக் காகிதம் ஒட்டினான். "இது கிழியாத வரைக்கும் சுவர் நகரலைன்னு அர்த்தம். கவலைப்படாம அவனுக்கு எழுது."

ஹிரண்மய் எழுத உட்கார்ந்தான். முதல் தாளில் 'இங்கே சுவர்' என்று தொடங்கியவன் அதைக் கசக்கிப் போட்டான். அடுத்த தாளில் கை தயங்கவில்லை.

'அன்புள்ள நிதாய்க்கு, இங்கு நலம். நான் இருக்கும் மெஸ்ஸிலேயே ஓர் இடம் இருக்கிறது. வாடகை குறைவு, கல்லூரிக்கு நடந்தே போகலாம். உனக்குக் கடைசிக் கட்டில். யாரும் உன்னைத் தாண்டிப் போக மாட்டார்கள், நிம்மதியாகப் படிக்கலாம். மாமா அத்தைக்கு என் வணக்கம்.'

எழுதியதைப் படித்துப் பார்த்தான். ஒரு பொய்கூட இல்லை. கடைசிக் கட்டிலைப் பற்றிய வார்த்தைகள், தன்னை இங்கே தங்க அழைத்த அன்று டீக்கடையில் துலால் சொன்ன அதே வார்த்தைகள்.

உறையை ஒட்டப் பசைக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினான். சுவரில் ஒட்டிய காகிதத்தின் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு.

"துலால் அண்ணே, அதைப் பாரேன்."

துலால் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "காயும்போது சுருங்கும்டா. ஒட்டு, ஒட்டு. தபால் எடுத்துடப் போறான்."

மிச்சமிருந்த பசையை விரலால் வழித்து உறையின் வாயில் தடவி, ஹிரண்மய் அழுத்தி மூடினான்.

உமாசசி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசற்படிக்கு அப்பாலிருந்தே கையை நீட்டினாள். "யாருக்குத் தம்பி?"

"மாமா பையனுக்கு. இங்கே வரப்போறான்."

அவள் சுவரோரக் கட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"நனையாமக் கொண்டுபோய்ப் போடுக்கா," என்று ஹிரண்மய் மேலிருந்து குரல் கொடுத்தான்.