இருபது டஜன் கிண்ணங்கள்

ஆண்டவருடைய இரத்தம் ஒரு வாய்க்கு நாலே முக்கால் ரூபாய். டஜனாக எடுத்தால் ஐம்பத்து நான்கு. பழைய பில்லின் முதுகில் பீங்கான் கடைக்காரர் இப்படித்தான் விலை எழுதினார். கட்டைவிரல் உயரத்துக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அடி கனம், விளிம்பு மழுக்கம். சபைக்கு என்பதால் அடக்க விலை. இருபது டஜன். எழுதி முடித்த பிறகுதான் எதற்கு விலை போட்டிருக்கிறோம் என்று உறைத்தது. பேனாவை மூடி வைத்தார். விலையை அடிக்கவில்லை.

அந்தக் கோயிலில் அறுபது வருஷமாக ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவருடைய இரத்தமாகத் திராட்சை ரசம் குடிப்பது. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் பத்துப் பத்துப் பேராக முழங்கால் போடுவார்கள். போதகர் பாத்திரத்தை வாய்க்கு வாய் கொண்டுபோய், ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பி நீட்டுவார். ஊரே இருமிக்கொண்டு கிடந்த காய்ச்சல் வருஷத்தில்கூட அங்கே யாரும் சுகாதாரம் பேசியதில்லை. இந்த வருஷம் பேசினார்கள். பிழைப்புத் தேடி வெளியிலிருந்து வந்து, ரயில் பாதைக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் குடியேறிய சாக்கடை அள்ளும் குடும்பங்கள், மொத்தம் முப்பத்திரண்டு பேர், சபையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கமிட்டியில் பேச்சை எடுத்தவர் செயலாளரான ஓட்டல்காரர். கெட்டவர் அல்ல, கோயில் கூரையில் பாதி அவர் பணம். "இது யாரையும் மனசுல வச்சுச் சொல்றதில்லை" என்று ஆரம்பித்தார். வியாபாரத்தில் பிறந்து வளர்ந்த பீங்கான் கடைக்காரருக்கு அந்த ஆரம்பமே போதும். டீ செட் வாங்க வந்தவன் முதலில் பூ ஜாடியைத்தான் விசாரிப்பான்.

"ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். யாருக்கும் சங்கடமில்லை. வெளியில எதுக்கு, நம்ம பொருளாளர் கடையிலேயே எடுத்துடலாம்."

போதகர் மேஜை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். பொருளாளரான பீங்கான் கடைக்காரர் தலையாட்டினார். அவர் கடை விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஓட்டலுக்குப் போகும் தட்டுகள். அது ஒரு காரணம். இன்னொன்று, பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாதது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கிராதியில் அவருக்கு இடப்பக்கம் முழங்கால் போட்டிருந்தவள், அவர் கடையிலேயே சரக்குக் கட்டுபவள். அவள் புருஷன் சாக்கடைக்குள் இறங்குகிறவன். அவள் குடித்தாள், போதகர் துடைத்தார், பாத்திரம் இவரிடம் வந்தது. அடியைத் தாங்குவதுபோலக் கை கொடுத்து, அரை வட்டம் திருப்பி, அவள் வாய் படாத பக்கத்தில் குடித்தார். கீறல் விழுந்த ஜாடியை வாங்குகிறவன் கண்ணுக்கு மறைத்து வைக்கும் அதே லாவகம். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை சரக்கு வந்து இறங்கியது. கடையின் பின்பக்கத்தில் வைக்கோலைப் பிரித்து, ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, அவள் வரிசையாக அடுக்கினாள்.

"என்ன முதலாளி, இத்தனூண்டு? மருந்துக் கடைக்கா?"

"கோயிலுக்கு."

விரல் விளிம்பிலேயே நின்றது. "ஆளுக்கு ஒண்ணா?"

"ஆமா. சுகாதாரம்னு சொல்றாங்க."

"அதான் பெண்கள் சங்கத்தம்மா நேத்து எங்க பக்கம் வந்தாங்களா. வழி தவறிட்டாங்கன்னு நினைச்சேன். ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஏதோ கழுவணுமாம், உங்க பொம்பளைங்க நாலு பேர் நில்லுங்கன்னாங்க." அடுத்த கிண்ணத்தை எடுத்தாள். "எங்க வாய் ஆகாது, கை ஆகும்போல."

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "உன் கை சாமானியக் கையா? இந்த அஞ்சு மாசத்துல ஒரு விரிசல் உன்னைத் தாண்டிப் போனதில்லையேம்மா."

"கண்ணையும் தாண்டாது முதலாளி. அன்னிக்கு நீங்க பாத்திரத்தைத் திருப்பினதையும் பார்த்தேன்."

அவள் குரலில் சூடு இல்லை. சரக்கில் குறை சொல்லும் அதே குரல். 

"நாலு கிளாஸ் விளிம்பு பேந்திருக்கு. தனியா வச்சிருக்கேன், மாத்தி வாங்கிடுங்க" என்றாள். பிறகு, வைக்கோலைக் கூட்டிக்கொண்டே, "எங்க ஆளுங்க பல பேர் இனிமே வரமாட்டாங்க. நான் வருவேன், உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பிழைக்க வந்த இடத்துல எத்தனையோ வாசல்ல நின்னு பார்த்தாச்சு. இங்க ஒரு இடத்துலதான் எல்லாருக்கும் ஒரே பாத்திரம்னாங்க. நம்பி வந்தோம்."

சாயங்காலம் வரை அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாடிக்கைக்காரர்கள் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் ஓட்டலுக்குப் போனார். காப்பி வந்தது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த டம்ளர் ஒரு நாளைக்கு எத்தனை வாய் பார்க்கும்?"

"இருபது, முப்பது. அது வியாபாரம், பொருளாளரே. இது கோயில்."

"கோயில்ல கொஞ்சம் தாராளமா இருக்கும்னு நினைச்சேன்."

ஓட்டல்காரர் கல்லாப் பெட்டியைச் சாத்தினார். "நாம யாரையாவது போன்னு சொன்னோமா? கதவு திறந்துதானே கிடக்கு. இத்தனை பேரைச் சகிச்சுக்கிறோம்ல?"

"சகிச்சுக்கிறதுக்கு ஆண்டவர் எதுக்கு? நானே போதுமே. மூணு வருஷப் பாக்கிக்காரனை வாங்க வாங்கன்னு உட்கார வச்சுக் காப்பி கொடுக்கிறேன். விருந்துக்குக் கூப்பிட்டவர் நம்மளச் சகிச்சுக்கிட்டா கூப்பிட்டார்?"

ஓட்டல்காரர் மேஜையில் சிந்தியிருந்த காப்பிச் சொட்டை விரலால் இழுத்தார்.

"கிளாஸ் இருபது டஜனும் இனாம்" என்றார் கடைக்காரர். "ரெண்டு நிபந்தனை. வெள்ளிப் பாத்திரமும் பீடத்துல இருக்கணும். கழுவுற வேலைக்கு அவங்களைக் கூப்பிடக் கூடாது."

"நீங்க இனாம்னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

ஓட்டல்காரர் கொஞ்ச நேரம் அவரை எடை பார்த்தார். "பாத்திரம் இருந்துட்டுப் போகட்டும், யார் தொடப்போறா? கழுவுறதை நீங்களே பார்த்துக்குங்க. அடுத்த மாசத் தட்டு ஆர்டரைத்தான் கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிங்க" என்று சொல்லி எழுந்தார். காப்பிக்குக் காசு வைத்தார். அந்த ஓட்டலில் அவர் காசு வைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணங்கள் தட்டுத் தட்டாக மினுங்கின. பக்கத்தில் வெள்ளிப் பாத்திரம், ஏலத்தில் யாரும் கேட்காத பொருள்போல நின்றது. முப்பத்திரண்டு பேரில் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். எல்லாரும் கடைசி பெஞ்சில். சபையார் பத்துப் பத்தாகப் போய், சின்னக் கிண்ணத்தை எடுத்து, மருந்துபோல ஒரே மடக்கில் குடித்துத் திரும்பினார்கள். கடைக்காரர் மனைவியும் அப்படித்தான் குடித்துவிட்டு வந்தாள். பியானோ வாசிக்கும் டீச்சர் மட்டும் தட்டை ஒதுக்கிவிட்டுப் பாத்திரத்தில் குடித்தாள். காரணம் கேட்டால் பழக்கம் என்று சொல்லக்கூடியவள்.

கடைசியாகக் கடைக்காரர் போய் முழங்கால் போட்டார். போதகர் இரண்டையும் ஏந்தி வந்தார். இவர் தட்டைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். பாத்திரம் நெருங்கியதும் அதற்கும் அப்படியே தலையசைத்தார்.

"எனக்கு முன்னாடி ஆள் இருக்கு ஐயா" என்றார் மெதுவாக.

போதகர் திரும்பிப் பார்த்தார். கிராதியில் வேறு யாரும் இல்லை. பியானோ ஒரு சுற்று முடித்து, மறு சுற்றுத் தொடங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைக்காரருக்கு முழங்கால் கடுத்தது. சரக்குக் கட்டுபவள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வராமல் போகலாம். வரவேண்டிய கட்டாயம் அவளுக்கு ஒன்றும் இல்லை. விற்கிறவன் பக்கத்திலேயே ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு, கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. அவள் வந்து இடப்பக்கம் முழங்கால் போட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷனும் ஒரு கிழவரும். எட்டுப் பேர் பெஞ்சை விட்டு அசையவில்லை.

கிழவர் குடித்தார், புருஷன் குடித்தான், அவள் குடித்தாள். போதகர் பழக்கப்படி துணியால் துடைத்து, பழக்கப்படி சற்றே திருப்பி நீட்டினார். கடைக்காரர் அடியில் கை கொடுத்து, அவள் குடித்த பக்கம் தன் பக்கம் வரும்வரை பழையபடி திருப்பினார். குடித்தார். அவருக்குப் பிறகு போதகர் மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அறைத் தொட்டியில், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கடைக்காரர் கிண்ணங்களைக் கழுவினார். மனைவி பக்கத்தில் நின்று துடைத்தாள்.

"வீட்டுல ஒரு டம்ளரை நகர்த்தி வச்சது கிடையாது. இங்க வந்து இருபது டஜனா?"

"குடிச்சது அவ்வளவு இல்லைடி."

"ஓட்டல்காரர் முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தட்டு ஆர்டர் போச்சு."

அவள் அடுத்த கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

கதவருகே சரக்குக் கட்டுபவள் வந்து நின்றாள். கழுவக் கை நீட்டவில்லை, உள்ளேயும் வரவில்லை. கொஞ்ச நேரம் அவர் கழுவுவதையே பார்த்தாள்.

"விளிம்பைத் தடவிப் பாருங்க முதலாளி. திராட்சை ரசம் ஒட்டியிருக்கு."

தடவிப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. மறுபடி கழுவினார்.

"மத்தவங்க வருவாங்களாம்மா?"

"நீங்க ஒரு தடவை குடிச்சிருக்கீங்க. அடுத்த மாசமும் முதல் ஞாயிறு வரும்ல? பார்ப்பாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த பழைய பில்லை எடுத்தார். முன்பு எழுதிய விலையை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே எழுதினார்:

சின்னக் கிண்ணம்: கொடுத்தது 240, குடித்தது 163, விலை இல்லை.
வெள்ளிப் பாத்திரம்: வாய் 6.
முப்பத்திரண்டில் வரவு 3.
பாக்கி 29.