ஆளுக்குப் பாதி

அண்ணனின் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. அப்போதுதான் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் வந்தாள். துக்கம் விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, மிச்ச மாத்திரையையும் குறிப்பேட்டையும் இன்றே வாங்கிப் போக வேண்டும் என்றாள். செத்தவனையும் விதிமுறை விடுவதில்லை.

அண்ணன் லாரி ஓட்டியவன். நுரையீரல் கெட்டதும் புது மருந்துச் சோதனையில் சேர்ந்தான். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. கூடவே சேர்ந்தவள் ஒரு தையல்காரி. இருவரும் மாதா மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு புட்டியையும் துண்டில் கொட்டிக் கலந்து, ஆளுக்குப் பாதி அள்ளிக்கொண்டார்கள். "லோடு ஒரே பக்கம் சாயக் கூடாது பாரு," என்பான். ஒழுங்காகச் சாப்பிட்டான் என்று குறிப்பேட்டில் தினமும் கையெழுத்துப் போட்டது தங்கைதான்.

நர்ஸுக்கு முன்பே துக்கத்துக்கு வந்திருந்த தையல்காரி, நர்ஸின் குரல் கேட்டதும் அடுக்களைக்குள் போய்விட்டாள். மாத்திரை எடுக்கத் தங்கை அங்கே போனாள்.

"சொல்லப் போறியா?"

"தெரியலக்கா."

"சொன்னா என்னை நிறுத்திருவாங்க. இப்பத்தான் நிக்காம மாடி ஏறுறேன்."

அவள் கன்னத்தில் சதை போட்டிருந்தது. அண்ணன் புட்டியில் இருந்ததுதான் நிஜ மருந்தோ, அதில் பாதி போய்த்தான் இவள் தேறினாளோ என்று, அண்ணன் மூச்சுத் திணறிப் படுத்த மூன்று நாளாகத் தங்கையை ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. கேட்டால் இவளுக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்றோ, மாவு தின்றவன் செத்தான் என்றோ எழுதுவார்கள். இரண்டும் பொய். அதை நம்பி எங்கோ யாரோ மாத்திரைக்கு வாயைத் திறப்பார்கள்.

கூடத்துக்கு வந்தாள். நர்ஸ் படிவத்தை நீட்டினாள். விதிப்படி உட்கொண்டார்: ஆம், இல்லை.

"இல்லைங்க. இன்னொருத்தர் மாத்திரையோட கலந்து சாப்பிட்டான். நாலு மாசமா. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"யார் கூட?"

"அது மட்டும் கேக்காதீங்க."

பேர் இல்லாவிட்டால் அந்த இன்னொருத்தர் கணக்கும் தப்பாகவே நிற்கும் என்றாள் நர்ஸ். குரலில் கோபமில்லை. அலுப்புதான்.

அடுக்களையிலிருந்து தையல்காரி தண்ணீரோடு வந்து, நர்ஸ் முன்னால் நின்றாள். நாலு மாதமாக அவளுக்கு எடை பார்த்தவள் நர்ஸ்தான்.

நர்ஸ் அவளை அடையாளம் கண்டுகொண்டு, பேனாவை மடியில் வைத்துவிட்டு டம்ளரை வாங்கினாள். கடைசிச் சொட்டு வரை மெதுவாகக் குடித்தாள்.