பதில் இழுப்பு

ரெகுலேட்டர் வாங்க மெட்ராஸுக்குப் போவதற்கு முன்னால் அரியமுத்து அரியலூருக்குப் போக வேண்டியிருந்தது. அது சிங்காரவேலு போட்ட நிபந்தனை.

சிங்காரவேலு ராயபுரத்துக்காரர். கப்பல்களின் அடிப்பாகத்தை நீருக்குள் இருந்தபடியே சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்து, காது கேட்பது குறைந்த பிறகு விட்டுவிட்டவர். அவரிடம் விற்பதற்கு இரண்டு பழைய ரெகுலேட்டர்கள் இருந்தன. முதுகில் கட்டும் சிலிண்டரின் காற்றை மூச்சுக்குத் தகுந்தபடி அளந்து வாய்க்குக் கொடுக்கும் கருவி அது. போன மாதம் அரியமுத்து தனியாகப் போய் நின்றபோது, எவ்வளவு கொடுப்பாய் என்று அவர் கேட்கவில்லை. மேலே கயிறு பிடிப்பது யார் என்றுதான் கேட்டார்.

"ஆளைக் கூட்டிக்கினு வா. அப்பால பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அரியமுத்து குரும்பலூரில் இருந்தான். கிணற்றில் மூழ்கி, உள்ளே விழுந்த பொருள்களை எடுப்பதும் பம்புக் குழாயின் அடி நுனியில் அடைத்துக்கொண்ட புட்வால்வை விடுவிப்பதும் அவன் தொழில். அடக்கிய மூச்சுதான் அதற்கு முதலீடு. எண்பத்து மூன்றின் வறட்சியில் சுற்று வட்டாரம் முழுக்கக் கிணறுகளை வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள். பிறகு மழை வந்தது. கிணற்றுக்குள் இறக்கி வைத்திருந்த மோட்டார்களுக்கு மேல் தண்ணீர் ஏறி நின்றது. அந்த ஆழத்துக்கு அவன் மூச்சு போய்ச் சேரும், வேலை செய்ய மீதி இருக்காது.

முன்பு அவன் இறங்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடித்தவன் மதுரைவீரன், மனைவி செங்கமலத்தின் தம்பி. பல வருடம் பிடித்தான். ஒருநாள் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த பொங்கலுக்குத் தம்பியைப் பார்க்கப் போன செங்கமலம் திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. இருவரும் போனபோதும் அரியமுத்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவன் ஒரு மரியாதை என்று நினைத்திருந்தான். அதன் பிறகு கயிற்றின் மேல் நுனியைக் கிணற்று மேட்டில் பழைய கமலை இறைத்த கல்லில் கட்டிவிட்டு இறங்கினான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் தனக்கு மட்டும் சோறு வடித்துக்கொண்டான்.

அரியலூரில் மதுரைவீரனின் வீட்டுக்கு முன்னால் முருங்கை இலைகள் மீது வெள்ளையாய்த் தூசி படிந்திருந்தது. செங்கமலம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க."

"வீரன் இல்லியா?"

"ஷிப்டுக்குப் போயிருக்கு. இப்ப வந்துரும்."

தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. காம்பிலிருந்து இலை உருவப்படும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் சதை வைத்திருந்தாள். அதைச் சொல்லலாமா என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் மதுரைவீரன் வந்துவிட்டான். புருவம் வரை சாம்பல் பூத்திருந்தது.

"வாங்க மாமா. கெணத்துல என்னையவே தேடிட்டு, இல்லைன்னு இங்க வந்தீங்களா?"

"மெட்ராசுக்கு ஒரு நா வரணும். ரெகுலேட்டர் வாங்கணும்."

"சீலிங் பேனுக்கா? அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம், தேரடி கடையிலயே இருக்கே."

"முங்குறதுக்கு. காத்து குடுக்குறது."

"அதுல எனக்கு என்ன தெரியும்?"

அரியமுத்து தரையைப் பார்த்தான். "கயிறு புடிக்க ஆளு இருந்தாத்தான் குடுப்பாராம். எனக்கு வேற ஆளு தெரியல."

மதுரைவீரன் அக்காளைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. ஆனால் கை நின்றிருந்தது. அவன் கை கால் கழுவப் பின்பக்கம் போனான். அவளும் எழுந்து உள்ளே போனாள். உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு நடந்தது. மதுரைவீரன் ஈர முகத்தோடு வெளியே வந்து, "ஞாயித்துக்கெழம லீவு. அன்னைக்குப் போலாம்" என்றான்.

ஞாயிறு காலை ராயபுரத்தில் சிங்காரவேலு இரண்டு ரெகுலேட்டர்களையும் சாக்கின் மேல் வைத்தார். ஒன்றில் மடிப்பு மடிப்பான இரண்டு ரப்பர் குழாய்கள், கழுத்தின் இரு பக்கமும் வந்து வாயில் சேரும். மற்றதில் ஒரே கறுப்புக் குழாய், நுனியில் சின்னத் தட்டு போல ஒன்று.

"ரெட்டைக் கொழாய்ல மூச்சுக் காத்து பொடனிக்குப் பின்னால போவும். மூஞ்சி பக்கம் அமைதியா இருக்கும். ஒத்தைக் கொழாய் காதாண்ட கொதிக்கிற ஒலை மாதிரி கத்தும்."

அரியமுத்துவின் கை தானாக இரட்டைக் குழாயின் மேல் போனது.

"தெரியும்பா, அத்தத்தான் எடுப்பேன்னு" என்றார் சிங்காரவேலு. "ஊமைக்கு ஏத்த சாமான். ஆனா ரப்பர் வெடிச்சுப் போச்சுன்னா மாத்துக் கொழாய் இந்த ஊர்லயே கெடையாது. தலைகீழாத் தொங்கி வேல செய்யுறவனுக்குத் தண்ணி வேற உள்ள வரும். ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு சொல்லு."

ஐஸ் ஆலைக்குப் பின்னால் பழைய தோணித்துறை ஒன்று இருந்தது. தண்ணீர் கறுப்பு, ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. சிங்காரவேலு சிலிண்டரைக் கட்டிவிட்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "மூச்சைப் புடிக்காத. மேல வரும்போது புடிச்சியானா உள்ள கிழிஞ்சிரும். உனுக்கு அதான் பழக்கம், அத்த வுடு." பிறகு கயிற்றை மதுரைவீரன் கையில் கொடுத்தார். மேலிருந்து ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறாயா என்ற கேள்வி. கீழிருந்து ஒரு இழுப்பு என்றால் இருக்கிறேன் என்ற பதில். கிணற்றிலும் அதுதான் வழக்கம்.

இரட்டைக் குழாயோடு அரியமுத்து இறங்கினான். மண்ணில் முழங்கால் பட்டது. இருட்டு. மூச்சை விட்டான், இழுத்தான். காற்று கேட்ட அளவுக்கு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீருக்கு அடியில் அவனுக்கு அவசரம் இல்லை. அப்போது இடுப்பில் கயிறு ஒரு முறை இறுகித் தளர்ந்தது. மேலே மதுரைவீரன் இருக்கிறான். அந்த இறுக்கம் விலா வரை பரவியது. அவன் அசையாமல் அப்படியே இருந்தான். மறுபடி ஒரு இழுப்பு வந்தது. அதுவும் நன்றாக இருந்தது. அதன் பிறகு வந்தது இழுப்பு இல்லை. அவனை வாரி மேலே தூக்கினார்கள்.

"பதில் எங்கடா?" சிங்காரவேலு அவன் வாயிலிருந்து ரப்பரைப் பிடுங்கினார்.

"நல்லாத்தான் இருந்தேன்."

"அது எனுக்கு எப்பிடித் தெரியும்?"

"குமிழ் வந்திருக்குமே."

"வாயை வுட்டு நழுவிப் போனாலும் இது காத்தைக் கக்கிக்கினே இருக்கும். பொணத்துக்கு மேலயும் குமிழ் வரும்." அவர் மதுரைவீரனிடம் திரும்பினார். "எப்பவும் இப்பிடித்தானா இவன்?"

மதுரைவீரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எப்பவும்" என்றான்.

சிங்காரவேலு ஒற்றைக் குழாயைச் சிலிண்டரில் மாட்டி மதுரைவீரன் முதுகில் கட்டினார். "நீ எறங்கு. அவன் புடிக்கட்டும்."

அரியமுத்து அதுவரை மேலே நின்று இன்னொருவருக்குக் கயிறு பிடித்ததே இல்லை. மச்சினனின் தலை கறுப்புக்குள் போனது. குமிழ்கள் கொத்தாக வந்து உடைந்தன. ஒரு இழுப்பு கொடுத்தான். பதில் இல்லை. கயிறு நனைந்து கனமாகத் தொங்கியது. இன்னொரு இழுப்பு கொடுத்தான். குமிழ்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அவை எதையும் சொல்லவில்லை என்பது இப்போது தெரிந்தது. துறையில் யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவையும் இழுத்தான். "வீரா" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். தண்ணீருக்கு அது கேட்காது என்று தெரிந்தும் சொன்னான். பிறகு இரண்டு கையாலும் வாரி இழுக்கத் தொடங்கினான்.

மதுரைவீரன் நன்றாக மூச்சு விட்டபடி மேலே வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அரியமுத்துவைப் பார்த்தான்.

அரியமுத்து ஒற்றைக் குழாயை வாங்கினான். சிலிண்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்வது, காற்று தீர்ந்ததும் லாரியில் போட்டு அனுப்புவது, நிரப்பித் திருப்பி அனுப்புவது என்று பேச்சு முடிந்தது. பஸ்ஸில் சாக்கு மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டான். திண்டிவனம் தாண்டியது.

"வேணும்னுதான் குடுக்கல மாமா" என்றான் மதுரைவீரன்.

"தெரியும்."

"அத்தனை வருசமும் நீங்க ஏன் குடுக்கல?"

அரியமுத்து வெளியே பார்த்தான். "நீ இருக்கேன்னு தெரியும்ல. அதனால."

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதே."

பஸ் ஒரு ஊரில் நின்று கிளம்பியது. வெள்ளரிப் பிஞ்சு விற்றவள் ஜன்னல் ஓரமாகவே ஓடிவந்து சில்லறை வாங்கிக்கொண்டாள்.

"ஆலை வேலைக்காகப் போகல நானு" என்றான் மதுரைவீரன். "ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்க முடியல. அக்காகிட்ட அப்பவே சொன்னேன். அது சிரிச்சுச்சு. வூட்டுலயும் அப்படித்தான்டா, கெணறு மட்டுமான்னுச்சு."

"இன்னைக்கு ஏன் வந்தே?"

"அக்காதான் அனுப்புச்சு. 'அவரு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு நான் பாத்ததில்ல, போயிட்டு வா'ன்னுச்சு. இந்த ஒரு தடவைதான் மாமா. இனிமே என்னைக் கூப்புடாதீங்க."

பெரம்பலூரில் அவன் அரியலூர் பஸ் ஏறினான். அரியமுத்து சாக்கு மூட்டையோடு அது தெருமுனையில் திரும்பி மறையும் வரை நின்றான்.

அந்த வாரம் சிறுவாச்சூர் இளையபெருமாள் ஆள் அனுப்பினார். அவருடைய மோட்டார் மழை நாள் முதல் தண்ணீருக்குள் கிடந்தது. கிணற்றைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. கயிறு பிடிக்கப் பண்ணையாள் வெள்ளைச்சாமி முன்வந்தான். அரியமுத்து அவனிடம் இழுப்பு முறையைப் பொறுமையாகச் சொன்னான். இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தான்.

"மாடு புடிக்கிறவனுக்கு மனுசனப் புடிக்கத் தெரியாதாக்கும்" என்றான் வெள்ளைச்சாமி. கூட்டம் சிரித்தது.

இறங்கினான். புதுக் கருவி காதோரம் கொதித்தது. பாறை, பாசி, பிறகு மோட்டாரின் குளிர்ந்த இரும்பு. ஸ்பேனரைப் போல்ட்டில் வைப்பதற்கு முன் கயிற்றைப் பிடித்து, யாரும் கேட்காமலே, ஒரு இழுப்பு கொடுத்தான். இருக்கிறேன்.

மேலிருந்து எதுவும் வரவில்லை. சிறிது பொறுத்து இன்னொரு முறை கொடுத்தான். தலைக்கு மேலே வெளிச்சம் ஒரு தட்டளவு தெரிந்தது. அதன் விளிம்பில் தலைகள் அசைந்தன. யாரோ கை நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு தொய்ந்து பாறையில் உரசிக் கிடந்தது. மூன்றாவது முறையும் கொடுத்துவிட்டு, தன் மூச்சைக் கேட்டபடி அங்கேயே நின்றான். காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது.

மூச்சை விட்டபடியே மெதுவாக மேலே ஏறினான். வெள்ளைச்சாமி கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா அதுக்குள்ள? காத்து தீந்துருச்சா?" என்றார் இளையபெருமாள்.

"இருக்குதுங்க."

"பின்ன?"

அரியமுத்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். "இன்னொரு நா வரேங்க. வேற ஆளோட."

"யாரு அது? எங்கிட்ட இல்லாத ஆளா?"

"அரியலூர்ல மச்சினன். வர மாட்டேன்னு சொல்லிட்டான்" என்றான் அரியமுத்து. கருவியிலிருந்து தண்ணீர் சொட்டி முடியும் வரை கையில் தொங்கவிட்டுப் பிடித்திருந்தான். "மறுபடி கேக்கணும்."